மிஷினைத்தான் சந்தேகப்பட்டார்கள்

எல்லோருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? முட்டி வலி எப்படி இருக்கிறது? தூக்கம் ஒழுங்காக வருகிறதா? இருமல் என்று சொன்னவர்களுக்கு இருமல் நின்றதா? நெஞ்சு எப்படி இருக்கிறது என்றும் கேட்கலாம்தான். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வீர்கள், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருவரின் கதைதான் இது. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஓர் இருட்டறை. அதுதான் எக்கோ அறை. நெஞ்சைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே இதயத்தைப் பார்க்கிற இடம். வழவழவென்று ஜெல்லைத் தடவி, சோப்புக்கட்டி அளவுள்ள புரோபை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், இதயத்தில் பட்டுத் திரும்பி, திரையில் படமாக விழும். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் கதவு மாதிரித் திறந்து மூடுகிற வால்வுகள். எது ஒழுங்காக நடக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று எல்லாம் தெரியும்.

அங்கே வேலை பார்த்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவள் எக்கோ அக்கா. அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். ஃபேன் சுற்றவில்லை, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, ஆபரேஷன் தியேட்டர் விளக்கு கண் சிமிட்டுகிறது என்றால் அவரைத்தான் தேடுவார்கள். கையில் டெஸ்டர், தோளில் ஒயர்ச்சுருள், வாயில் ஒரு புகார். அவரை எல்லோரும் நார்மல் அண்ணன் என்றார்கள்.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதன்முதலாக எக்கோ மிஷின் வந்து இறங்கிய அன்று, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நெஞ்சு தேவைப்பட்டது. நோயாளியின் நெஞ்சு உதவாது, நல்ல நெஞ்சாக வேண்டும். டாக்டர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். எதையாவது கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்குத்தான் அதிகம். மூலையில் குந்தி உட்கார்ந்து பிளக் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அகப்பட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எக்கோ அக்கா புரோபை வைத்தாள். பாடப் புத்தகத்தில் வரைந்து வைத்ததுபோல் விழுந்தது படம். ஆக, அவருடைய முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அவள் அவருடைய இதயத்தைப் பார்த்துவிட்டாள். முகத்தைப் பிறகு பார்த்தாள். மனதைத் தேற்றிக்கொள்ளப் போதுமான நேரம் இருந்தது. கல்யாணம் ஆயிற்று.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். மிஷினைச் சர்வீஸ் செய்தாலும், புது மிஷின் வந்தாலும், படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல இதயம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானாலும், "நார்மலைக் கூப்பிடு" என்பார்கள். அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி, படுத்துக்கொள்வார். அவருடைய இதயம் எப்படித் தெரிகிறதோ அதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அளவு. மற்றவர்கள் எல்லோரும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்றுதான் கணக்கு.

இந்தப் பெருமையை வீட்டிலும் விடமாட்டார். சண்டை வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பார்.

"என்னைப் பத்தி யார் வேணா என்ன வேணா பேசலாம். நீ பேசலாமா? நாலு ரூமும் சுத்தமா இருக்கு, நீயே உள்ள பூந்து பார்த்திருக்க."

"பார்த்தேன். நாலு ரூம்லயும் தேடிட்டேன். ஒண்ணுலகூட என்னைக் காணோம்."

"மிஷின்ல அவ்வளவு தெளிவா தெரியாது" என்பார் அவர். கொஞ்சமும் அசரமாட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஜெனரேட்டர் பேட்டரியை மாற்ற வேண்டி வந்தது. இரண்டு ஆள் தூக்குகிற பேட்டரியை ஒரே ஆளாகத் தூக்கினார். தூக்கி வைத்தவுடன் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சட்டை நனைய வேர்த்தது. இடது கை மரத்தது. ஒரு சோடா குடித்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே சுவிட்ச் போர்டு ரூமில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய், "இன்னிக்கு வாயு புடிச்சுக்கிச்சு" என்றார்.

வேறு யாராவது வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் எக்கோ அக்கா நின்ற இடத்திலேயே அவர்களைப் படுக்கவைத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பாள். சொன்னவர் நார்மல். அவள் ஒரு வாயு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, "கண்டதையும் திங்காதீங்க" என்றாள். அவர் அன்றைக்கு ஒன்றையுமே தின்னவில்லை. திட்டு வாங்கியதோடு விஷயம் முடிந்தது என்று மாத்திரையை விழுங்கினார்.

சில வாரம் கழித்துப் புது எக்கோ மிஷின் வந்தது. பழையது கட்டிலைவிடப் பெரிது, பொழுதெல்லாம் முனகும். இது ஒல்லியாக, சத்தமே இல்லாமல் வந்து நின்றது. இதய டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வயதான மனுஷர், நல்லவர், மிஷின் என்றால் குழந்தை. "நார்மலைக் கூப்பிடு" என்றார். நார்மல் வந்தார், படுத்தார். எக்கோ அக்கா புரோபை வைத்தாள்.

படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. இடது கீழறையின் நுனியில் ஒரு கட்டி தெரிந்தது.

இரண்டு பேரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"அதான் டாக்டர் நானும் பார்க்கறேன்."

"அண்ணன் நெஞ்சுலயா?"

"சே, இருக்காது டாக்டர்."

"இருக்காதுதான். மிஷின் கோளாறு."

"பெட்டிய எறக்கும்போது வாசப்படில இடிச்சாங்க டாக்டர். நானே பார்த்தேன்."

"அப்போ அதான்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நார்மல் அண்ணன், "எர்த் சரியா குடுத்திருக்க மாட்டானுங்க" என்று தன் கருத்தையும் சொன்னார்.

உங்களிடம் மறைப்பானேன், அது ரத்தக்கட்டி. அன்றைக்கு வந்தது வாயு இல்லை, மாரடைப்பு. இதயத்தின் நுனித் தசை அடிபட்டு அசையாமல் நின்றுவிட்டது. ஓடாத இடத்தில் ரத்தம் தேங்கும்; தேங்கினால் உறையும். உறைந்தது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருக்கிற வரை தொல்லையில்லை. துண்டு ஒன்று பிய்ந்து ரத்தத்தோடு கிளம்பினால் நேரே மூளைக்குப் போகும், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும், அல்லது ஆளே விழுந்துவிடுவார். இது எக்கோ அக்காவுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். வேறு எந்த நெஞ்சில் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள். அளவுகோலே கோணல் என்று யாருக்குத் தோன்றும்?

பழைய மிஷினில் இதயத்தின் நுனி எப்போதும் பனிமூட்டம்தான். புரோபுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற இடம் என்பதால் அங்கே பொய்ப் புகை மாதிரி எதையாவது காட்டிக்கொண்டிருக்கும். இதுவும் அந்த வகைதான் என்று முடிவு செய்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மிஷினைச் சரிசெய்ய உட்கார்ந்தாள் எக்கோ அக்கா. படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான்கள் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொன்றாகக் குறைத்தாள். கட்டி மங்கியது. இன்னும் கொஞ்சம் குறைத்தாள். இன்னும் மங்கியது. கடைசியில் நுனி கருப்பாக, சுத்தமாக, அவளுக்குப் பழக்கப்பட்ட மாதிரி ஆனது.

"இப்போ நார்மல்" என்றார் டாக்டர் சந்தோஷமாக.

அந்த அளவுகளையே நிரந்தரமாக மிஷினில் பதிந்து வைத்தாள். நார்மல் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஓர் அதிசயம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். தடித்த வால்வு மெல்லிசாகத் தெரிந்தது. ஒழுகுகிற வால்வு ஒழுகவில்லை. யாருடைய இதயத்திலும் ஒரு தூசி தும்பு இல்லை. மனிதர்கள் பயந்துகொண்டே உள்ளே வந்து சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். எக்கோ அறைக்கு நல்ல பெயர் கிடைத்தது. கைராசி என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது.

டாக்டருக்கு மெல்ல மூக்கு வேர்த்தது. ஒரு பாட்டியம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கிழிந்த பை மாதிரி இரைச்சல் கேட்கிறது. எக்கோ படமோ புத்தம்புது இதயம் என்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு எக்கோ அறைக்கு வந்தார்.

"ஏம்மா, ஊரே குணமாயிடுச்சா?"

"நானும் யோசிச்சேன் டாக்டர்."

"எப்ப யோசிச்ச?"

"நேத்து. ஒருத்தர் வாசல்லேருந்து இங்க வரதுக்கே மூணு எடத்துல உக்காந்து வந்தாரு. படத்துல பார்த்தா ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பலாம் போல இருந்துச்சு."

"மிஷின் மோசம்."

"ரொம்ப மோசம் டாக்டர்."

கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள். கம்பெனி ஓர் இன்ஜினியரை அனுப்பியது. சிறிய வயது, பெரிய பை. வரும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் வேலையில் பாதி அதுதான் போலிருக்கிறது. மிஷினைத் திறந்து பார்த்தான், மூடினான். பொத்தான்களைத் தட்டிப் பார்த்தான்.

"மேடம், யாரோ எல்லாத்தையும் ரொம்பக் கொறச்சு வச்சிருக்காங்க."

"நான்தான்."

"ஏன் மேடம்?"

"கொறைக்கலன்னா இல்லாதத காட்டுது."

அவன் தலையாட்டினான். வாடிக்கையாளரோடு வாதாடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மிஷினைக் கம்பெனியிலிருந்து வந்த அளவுக்கே திருப்பி வைத்தான். பிறகு தானே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். எக்கோ அக்கா புரோபை வைத்தாள். நுனி பளிச்சென்று இருந்தது. கட்டியும் இல்லை, புகையும் இல்லை.

"நல்லாத்தான இருக்கு மேடம்?"

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. இருங்க, எங்க நார்மலைக் கூப்பிடறேன். அப்ப தெரியும் உங்க மிஷின் லட்சணம்."

நார்மல் அண்ணன் கிரீஸ் கையோடு வந்தார். "ஒரு மனுஷன எத்தனை தடவடா படுக்க வைப்பீங்க" என்று அலுத்துக்கொண்டே படுத்தார். புரோப் நெஞ்சில் பட்டது. கட்டி முன்னைப்போலவே இருந்தது. கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் எக்கோ அக்கா வெற்றியோடு.

இன்ஜினியர் திரையைப் பார்த்தான். படுத்திருந்தவரைப் பார்த்தான். தயங்கித் தயங்கி, "இவருக்கு மட்டுமா மேடம் கோளாறு வருது?" என்று கேட்டான். அவன் மிஷினைப் பற்றித்தான் கேட்டான், பாவம்.

எக்கோ அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு: பொய்ப் புகை என்றால் புரோபைத் திருப்பினால் ஓடிப்போய்விடும், நிஜம் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயே இருக்கும். எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம். இந்த நெஞ்சுக்கு மட்டும் அதைச் செய்து பார்க்கவில்லை.

புரோபைத் திருப்பினாள். கட்டி அங்கேயே இருந்தது. இன்னொரு பக்கம் சாய்த்தாள். இருந்தது. கட்டியைச் சுற்றியுள்ள இதயச் சுவரைப் பார்த்தாள். இதயம் முழுக்கச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நுனி மட்டும் வேலைநிறுத்தம் செய்கிறவர் மாதிரி கைகட்டிச் சும்மா நின்றது. அதன் மேல் ஒட்டிக்கொண்டு, அந்தக் கட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாகத் தலையாட்டியது.

அவள் கை தானாக ஜெல்லைத் துடைத்தது.

"என்ன, சரியாயிடுச்சா?" என்றார் நார்மல் அண்ணன் சுவரைப் பார்த்து.

"ம்."

"நான்தான் சொன்னேனே, எர்த்து."

"இப்பிடியே படுத்திருங்க. எந்திரிக்காதீங்க. டாக்டரக் கூட்டிட்டு வரேன்."

டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அண்ணன் எங்க?" என்றார். அப்போதுதான் கட்டில் காலியாக இருப்பதை எக்கோ அக்கா பார்த்தாள்.

"போன் வந்துச்சு மேடம்," என்றான் இன்ஜினியர். "வெளிநோயாளி ஹால்ல டியூப்லைட் எரியலயாம். போயிட்டாரு."

ஹாலில் உட்கார இடமில்லாத கூட்டம். நடுவில் ஓர் ஏணி. அதன் உச்சிக்கு ஒரு படி கீழே, கையைத் தூக்கி டியூப்லைட்டைத் திருகிக்கொண்டு, நெஞ்சில் அந்தக் கட்டியோடு அவர். கீழே வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். எக்கோ அக்கா ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். கத்தினால் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் கட்டி பிய்ந்துவிடுமோ என்று பயம். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, கீழ வாங்க."

"வேலையா இருக்கேன்."

"தெரியுது. வாங்க."

"ஸ்டார்ட்டர மாத்திட்டு வரேன்."

"அது அப்பறம் மாத்தலாம்."

"மாத்தலன்னா ஏன் இன்னும் மாத்தலம்பாங்க. மாத்த வந்தா நீ அப்பறம்ங்கற."

அவள் யோசித்தாள். "வீட்டுச் சாவி வேணும்" என்றாள். அவர் ஒரு கையால் பையைத் துழாவி, சாவியை எடுத்துக் கீழே போட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். அந்த யோசனை அதோடு முடிந்தது.

"நல்லா புடிச்சம்மா" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர்.

"உங்க அக்கா வந்திருக்காங்க" என்றாள் அடுத்ததாக. அவர் ஒரு படி மேலே ஏறினார்.

அதற்குள் டாக்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அண்ணே, கொஞ்சம் கீழ வாங்களேன். மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா, உடனே வாங்க."

நார்மல் அண்ணன் குனிந்து பார்த்தார். "என்ன டாக்டர், என்னைக்கும் இல்லாத மரியாதையா இருக்கு? என்ன ஆச்சு?"

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எக்கோ அக்காவைப் பார்த்தார். எக்கோ அக்கா ஏணியின் கடைசிப் படியில் கை வைத்து, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"நீங்க நார்மல் இல்லைங்க."

ஹால் அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "இத வீட்ல வச்சுப் பேசக் கூடாதா?"

"யாரு சொன்னா?" என்றார் அவர் மேலேயிருந்து.

"நான்தான் சொல்றேன். இப்பத்தான் பார்த்தேன்."

"மிஷின் கோளாறுன்னீங்க?"

"மிஷின்ல ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

அவர் ஸ்டார்ட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரை இத்தனை வருஷத்தில் யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். சோம்பேறி, வாயாடி, பிடிவாதக்காரர் என்றெல்லாம். இதை மட்டும் யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். கீழே வந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எவ்வளவு பெருசு?" என்றார். அவள் சுண்டுவிரலின் நகத்தைக் காட்டினாள். உண்மையில் கட்டைவிரல் நகம்.

சக்கர நாற்காலி வந்தது. அது கிரீச்சென்றது. "மொதல்ல இதுக்கு எண்ணெய் விடணும்" என்று குனியப் போனவரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஈ.சி.ஜி. எடுத்ததும் வாயுவின் சாயம் வெளுத்தது. மறுநாள் ரத்தக்குழாயைப் பார்த்து, அடைப்பிருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கட்டியைக் கரைக்க ரத்தத்தை நீர்க்க வைக்கிற ஊசியும் மாத்திரையும் தொடங்கின. "கரையலாம். கரைய நாளாகும். அதுக்குள்ள எதுவும் பிய்ஞ்சு போகாம இருக்கணும். இருமறப்பகூட மெதுவா இருமச் சொல்லு" என்றார் டாக்டர். கடைசி வாக்கியத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. அவருக்கும் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நார்மல் அண்ணனின் அக்கா உண்மையிலேயே வந்துவிட்டாள். கட்டிலருகே உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, எக்கோ அக்காவைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாத்தானம்மா இருந்தான்."

"ஆமா அண்ணி. நான்தான் பார்த்தேன்."

"தெனம் ஊரான் நெஞ்சையெல்லாம் பார்க்கற. பக்கத்துல படுத்திருக்கறவன் நெஞ்சப் பார்க்க நேரமில்ல."

எக்கோ அக்கா நாத்தனார் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பதையே ஒரு வேலையாக வைத்திருந்தவள்தான். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் கைராசி என்று சிரித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் அவளே போன் செய்து திரும்பக் கூப்பிட்டாள். "தப்பு எங்களோடது, மறுபடி ஒரு தடவ பார்க்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருவர், "நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கற ஒரே ஆஸ்பத்திரி இதுதான்" என்றார். இரைச்சல் நெஞ்சுப் பாட்டியம்மா மட்டும், "எனக்கு அப்பவே தெரியும்டி, நீ அன்னிக்கு ரொம்ப இனிக்க இனிக்கப் பேசின" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாள்.

நார்மல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை என்பதால், பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா, எங்கேயாவது இடித்துக்கொண்டு கன்னிப் போயிருக்கிறதா என்று எக்கோ அக்கா தினம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் யாரும் அவரை இப்போது நார்மல் என்று கூப்பிடவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சற்று நேரம் தடுமாறிவிட்டு, "அண்ணே" என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"ரிட்டயர் ஆன மாதிரி இருக்கு."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

சில மாதம் கழித்து, கட்டி கரைந்ததா என்று பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் தானே பார்ப்பதாகச் சொன்னார். "வேண்டாம் டாக்டர், நானே பார்க்கறேன். ஆனா புதுசா வந்தவர மாதிரி பார்க்கணும்" என்றாள் எக்கோ அக்கா. டாக்டர் நாற்காலியை இழுத்து மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவள் கணவர் சட்டையைக் கழற்றப் போனார். அவள் தடுத்தாள்.

"மொதல்ல கேக்கணும். உங்க பேரு?"

"வெளையாடறியா?"

"பேரு சொல்லுங்க."

அவர் பெயரைச் சொன்னார். டாக்டர் மூலையிலிருந்து, "அட, அதுவா உங்க பேரு" என்றார்.

"வயசு?"

சொன்னார்.

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா கொஞ்சம்."

"இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்திருக்கா?"

எத்தனையோ தடவை அந்தக் கட்டிலில் படுத்தவர். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அவர் சுவரைப் பார்த்தார்.

"வந்துச்சு. பேட்டரி தூக்கின அன்னிக்கு. வாயு இல்லன்னு அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எப்பிடி சொல்றது? நான்தான நார்மல்." பிறகு, "அந்த சுவிட்ச் ரூம்ல படுத்திருந்தப்ப ரொம்ப பயமா இருந்துச்சு" என்றார், ஃப்யூஸ் போன விஷயத்தைச் சொல்வதுபோல.

அவள் ஜெல் குப்பியை எடுத்தாள். "ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள். படுத்தார். ஜெல்லைத் தடவினாள். "சில்லுனு இருக்கு" என்றார். வருகிற எல்லோரும் சொல்வதுதான்; அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

புரோபை வைத்தாள். பிரகாசத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நுனியைப் பார்த்தாள். திருப்பினாள், பார்த்தாள். சாய்த்தாள், பார்த்தாள். யாரோ எவரோ என்று நினைத்துக்கொண்டு, ஒரு மூலையையும் விடாமல், மெதுவாகப் பார்த்தாள். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். உட்காரவுமில்லை, வரவுமில்லை.

"கட்டி இல்ல டாக்டர்."

டாக்டர் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். ஏ.சி. அதிகம் என்று சொல்லிக்கொண்டார்.

"அப்போ நார்மலா?" என்றார் படுத்திருந்தவர்.

"இல்ல. நுனி இன்னும் சோம்பேறியாத்தான் இருக்கு. கொஞ்சமா அசையுது. முழுசா திரும்பாது."

"அப்போ இனிமே என்ன?"

"இனிமே மாத்திரை. அப்பறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து படுக்கணும். நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார். படம் கலங்கியது. "மூச்ச அடக்குங்க, இன்னும் முடியல" என்றாள் அவள். அவர் அடக்கிக்கொண்டார்.

அவ்வளவுதான் கதை. இனி நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் "எனக்கென்ன" என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறவர் யார்? வலியை வாயு என்றும் களைப்பு என்றும் சொல்லி உங்களை ஏமாற்றினாரா, நீங்களும் நம்பினீர்களா? கடைசியில் எந்தச் சாக்குச் சொல்லி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனீர்கள்? ஒரு வரியில் முடிக்காமல் விவரமாக எழுதுங்கள். அந்த எனக்கென்ன ஆசாமியே நீங்கள்தான் என்றால், எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் போய் ஒரு தடவை படுத்து எழுந்து வாருங்கள்.